சென்செய்யின் குறிப்பேடு

இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்த்து வாழ்பவர்கள் நாங்கள். நீரேற்றும் இயந்திரம், நெசவு இயந்திரம், குளிரூட்டி முதலியவற்றை இயக்கும் முறை பற்றி ஜப்பானிய மொழியில் எழுதப்பட்டவற்றை ஆங்கிலத்தில் தருவதே, கணவனும் மனைவியுமாக நாங்கள் கியோட்டோவில் செய்துவரும் தொழில். தத்துவ எழுத்தை மொழிபெயர்க்கும் தகுதி எங்களுக்கு உண்டென்று ஒருபோதும் எண்ணியதில்லை. ஆயினும் ஒரு குளிர்காலம் முழுவதும் தத்துவச் சொற்களோடு மல்லுக்கட்ட நேர்ந்தது. அப்போது நாங்கள் இழைத்த பிழை ஒன்றைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறோம்.

கியோட்டோவின் வடகிழக்குப் பகுதியில், வாய்க்கால் ஒன்றை ஒட்டி ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நடைபாதை செல்கிறது. ‘தெட்சுகாகு நோ மிச்சி’, அதாவது தத்துவத்தின் பாதை என்று அதற்குப் பெயர். நவீன ஜப்பானியத் தத்துவத்தின் முதல்வராகக் கருதப்படும் நிஷிதா கிதாரோ (1870–1945) கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த காலத்தில் நடந்து சிந்தித்த வழி என்பதால் அமைந்த பெயர் அது. அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. அடுத்த வீட்டில் வாழ்ந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். தெருவில் எல்லாரும் அவரை ‘சென்செய்’ என்றே அழைத்தனர், நாங்களும் அவ்வாறே. அவர் மறைந்து 49ஆம் நாள் சடங்கு முடிந்த பின்னர், நாங்கள் ‘ஒகுசான்’ என்று அழைக்கும் அவருடைய மனைவி, துணியில் பொதிந்த பழைய குறிப்பேடு ஒன்றை எங்களிடம் கொண்டுவந்தார்.

அறுபது பக்கங்கள் கொண்ட குறிப்பேடு. நிஷிதாவையும் குகி ஷூஸோவையும் பதின்மூன்றாம் நூற்றாண்டின் ஸென் துறவி டோகெனையும் படித்தபோது எழுதிய குறிப்புகள். அவற்றுக்கிடையே, தேதியிட்டு, குடும்பம் பற்றிய சில வரிகள். அவர்களுடைய ஒரே மகள் மணம்புரிந்து மெல்போர்னில் குடியேறியவர். அங்கேயே நோயுற்று இறந்தவர். அவர் விட்டுச்சென்ற சிறுமி இப்போது இருபத்து நான்கு வயதுப் பெண். ஜப்பானிய எழுத்துகள் அவளுக்குத் தெரியா.

“தாத்தா என்ன எழுதிவைத்தார் என்று அவள் படிக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதித் தர முடியுமா?” என்று கேட்டார் ஒகுசான். இயந்திரங்களையே மொழிபெயர்ப்பவர்களுக்கு இது ஒரு பாடா என்று அவர் நினைத்திருக்கக்கூடும். உண்மையைச் சொன்னால் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

*

எங்கள் தொழிலில் மீறக்கூடாத விதி ஒன்று உண்டு. ஒரு சொல்லுக்கு ஒரு நிகர்ச்சொல். மூன்றாம் பக்கத்தில் ஓர் உறுப்புக்கு என்ன பெயர் இட்டோமோ அதே பெயர்தான் எண்பதாம் பக்கத்திலும் வரவேண்டும். அழகுக்காக மாற்றினால், எங்கோ ஓர் ஆலையில் ஒரு தொழிலாளி தவறான உறுப்பைத் திருகி விரலை இழக்கலாம். ஆகவே எந்த வேலையையும் சொற்பட்டியல் தயாரித்துக்கொண்டே தொடங்குவோம். சென்செய்யின் குறிப்பேட்டுக்கும் அப்படி ஒரு பட்டியல் செய்தோம். நாற்பத்தொரு சொற்கள் தேறின.

பட்டியலின் இடப்பக்கம் எளிதில் நிரம்பியது. வலப்பக்கத்தை நிரப்ப, அச்சில் வந்த மொழிபெயர்ப்புகளை நாடினோம். அங்கேதான் முதல் தடுமாற்றம். நிஷிதாவின் முதல் நூலான ‘ஸென் நோ கென்கியூ’ 1911இல் வெளியானது. (இந்த ‘ஸென்’ நன்மை என்று பொருள்படும் வேறொரு சொல், தியானம் என்ற சொல்லின் வழிவந்த ஸென் அன்று.) அதன் 1960ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்புக்கு ‘எ ஸ்டடி ஆஃப் குட்’ என்று தலைப்பு, 1990இல் வந்த மறு மொழிபெயர்ப்புக்கு ‘ஆன் இன்குவயரி இன்டு த குட்’. தலைப்பிலேயே ஆய்வு தேடலாகிவிட்டது. டோகென் 1240இல் எழுதிய ‘உஜி’ என்ற பகுதியின் தலைப்பை ஒருவர் ‘பீயிங்-டைம்’ என்கிறார், மற்றொருவர் ‘த டைம் பீயிங்’ என்கிறார், இன்னொருவர் ‘எக்ஸிஸ்டென்ஸ்-டைம்’ என்கிறார். அந்த இரு எழுத்துகளையும் சாதாரண முறையில் வாசித்தால் ‘அரு தொகி’, ‘ஒரு சமயம்’ என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. கதை சொல்பவர்கள் அன்றாடம் பயன்படுத்தும் சொல்லைப் பிரித்து, இருப்பும் காலமும் ஒன்றே என்று படிக்கவைத்தார் டோகென். ஆங்கிலத்தில் முதலிலிருந்தே அது தத்துவச் சொல்லாக வந்து நிற்கிறது.

இவற்றையெல்லாம் அறிஞர்களின் பூசல் என்று ஒதுக்கினோம். பெரும்பான்மையோர் எதைக் கையாள்கிறார்களோ அதையே எழுதிக்கொண்டோம். ‘மு’ என்றால் ‘நத்திங்னெஸ்’. ‘கூ’ என்றால் ‘எம்ப்டினெஸ்’. தத்துவ நூல்களில் அரிதாக வரும் ‘அகிரமே’ என்ற சொல்லுக்கு மட்டும் பொது அகராதியைப் பார்த்து, அதன் வினை வடிவத்துக்கு ‘கிவ் அப்’ என்று எழுதினோம். பட்டியல் முடிந்தது. முதல் பன்னிரண்டு பக்கங்களை மொழிபெயர்த்து மெல்போர்னுக்கு மின்னஞ்சலில் அனுப்பினோம்.

நான்கு நாட்களில் பதில் வந்தது. மிகுந்த பணிவோடு எழுதப்பட்ட சிறிய கடிதம். நன்றி சொல்லிவிட்டு இரண்டு கேள்விகள் கேட்டிருந்தாள். தாத்தா என் அம்மாவைக் கைவிட்டுவிட்டாரா? கடைசியில் அவருக்கு எதிலுமே நம்பிக்கை இல்லாமல் போய்விட்டதா?

அன்றிரவு நாங்கள் இருவரும் சாப்பிடவில்லை.

*

ஒன்பதாம் பக்கத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். மருத்துவரின் கடிதம் வந்த நாள். தேதிக்குக் கீழே ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார் சென்செய். ‘அகிரமெதா.’ ஜப்பானிய வாக்கியத்துக்கு எழுவாய் கட்டாயமில்லை, செயப்படுபொருளும் கட்டாயமில்லை. வினை தனித்து நின்றாலே போதும். ஆங்கிலம் அப்படி நிற்க விடாது. ‘ஐ கேவ் அப்’ என்று எழுதியிருந்தோம். மகள் சாகக் கிடக்கும் நாளில் தகப்பன் எழுதும் ‘கைவிட்டேன்’ என்ற சொல்லுக்கு, அந்த மகளின் மகள் செயப்படுபொருளைத் தானே நிரப்பிக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல இடமில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தச் சொல்லை உண்மையாகவே படிக்கத் தொடங்கினோம். அகிரமே இன்றைய பேச்சில் ‘விட்டுவிடுதல்’ என்றே பொருள்படும். அகராதி பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வினையின் பழைய பொருள் ‘தெளிவாக்குதல்’. தெளிவானது என்று பொருள்படும் ‘அகிரகா’ அதன் உறவுச்சொல். அதை எழுதப் பயன்படும் சீன எழுத்தின் வரலாறு இன்னும் வியப்பானது. பௌத்த நூல்களைச் சீனத்துக்குப் பெயர்த்தவர்கள் ‘சத்யம்’ என்ற சமஸ்கிருதச் சொல்லுக்கு நிகராக அந்த எழுத்தைத்தான் வைத்தனர். புத்தரின் நான்கு வாய்மைகளை ஜப்பானில் ‘ஷிதாய்’ என்கிறார்கள். அதில் வாய்மையைக் குறிக்கும் ‘தாய்’ அதே எழுத்து. உள்ளதை உள்ளபடி பார்த்தபின் பிடி தானாகத் தளர்வது என்ற பொருள், அன்றாடப் பேச்சின் ‘விட்டுவிடு’ என்பதற்கு அடியில் இன்னும் கிடக்கிறது.

குகி ஷூஸோ (1888–1941) இச்சொல்லை விரிவாகக் கையாண்டவர். எட்டாண்டுகள் ஐரோப்பாவில் பயின்று திரும்பி, 1930இல் ‘இகி நோ கோஸோ’ என்ற சிறுநூலை வெளியிட்டார். பழைய எதோ நகரத்துக் கேளிக்கைத் தெருக்களின் சொல்லான ‘இகி’யை எடுத்துக்கொண்டு, அது மூன்று இழைகளால் ஆனது என்று காட்டுகிறார்: மயக்கும் நளினம், வளைந்துகொடாத தன்மானம், அகிரமே. ஐரோப்பிய மொழிகளில் இகிக்கு நிகரான சொல் இல்லை என்பது அந்நூலின் அடிப்படை வாதங்களுள் ஒன்று. ஆங்கிலத்தில் அது 1997இல் ஒருமுறையும் 2004இல் மறுமுறையும் வந்தது. முதல் தலைப்பில் ‘டேஸ்ட்’ என்ற சொல் இருக்கிறது, இரண்டாவதில் ‘டிடாச்மென்ட்’. ஒரே நூல் ஒருவருக்கு ரசனையாகவும் மற்றவருக்குப் பற்றின்மையாகவும் தோன்றியிருக்கிறது. சென்செய் குகியைப் பற்றிக் குறிப்பெழுதிய பக்கங்கள் அந்த ஒன்பதாம் பக்கத்துக்குச் சற்று முன்னால்தான் இருந்தன. நாங்கள் அவற்றை மொழிபெயர்த்திருந்தோம், சேர்த்துப் படிக்கவில்லை.

ஆனாலும் ஐயம் தீரவில்லை. களைத்துப்போன ஒரு முதியவர், வேறெவரையும்போல, ‘இனி முடியாது’ என்ற பொருளில்தான் எழுதினார் என்றால்? அவர்மீது பௌத்தத்தை ஏற்றிப் பேத்தியை ஏமாற்றும் உரிமை எங்களுக்கு ஏது? வெட்கத்தைப் பொருட்படுத்தாமல் ஒகுசானிடம் போய் நடந்ததைச் சொன்னோம். அந்த நாளில் சென்செய் என்ன செய்தார் என்று கேட்டோம்.

அவர் கோபப்படவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். “கடிதத்தைப் படித்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். காலையில், ‘பெட்டியை எடு, மெல்போர்ன் போகிறோம்’ என்றார். அதுவரை ஒவ்வொரு வாரமும் புதிய மருந்து, புதிய மருத்துவமனை என்று யாருக்காவது எழுதிக்கொண்டே இருந்தார். அதை நிறுத்திவிட்டார். மூன்று மாதம் அவள் பக்கத்திலேயே இருந்தோம்.”

எந்த அகராதியும் தராத விடை அது. அவர் கைவிட்டது மகளை அன்று. மகள் பிழைப்பாள் என்ற எண்ணத்தை. அதைக் கைவிட்டதனால்தான் மகளிடம் போக முடிந்தது.

தமிழில் யோசித்தபோது வழி தெரிந்தது. ‘தேறுதல்’ என்று நமக்கு ஒரு சொல் உண்டு. பழைய நூல்களில் அதற்கு ஆராய்ந்து தெளிதல் என்று பொருள். இன்றைய வழக்கில் ‘மனம் தேறினாள்’ என்றால் துயரிலிருந்து மீண்டாள் என்று பொருள். தெளிவும் ஆறுதலும் ஒரே வினையில். அகிரமேயும் அதே குடும்பத்துச் சொல் போலத்தான் நடந்துகொள்கிறது. ஆனால் நாங்கள் எழுதவேண்டியிருந்தது ஆங்கிலத்தில். ‘ரெசிக்னேஷன்’ என்றால் தோல்வியும், ‘அக்செப்டன்ஸ்’ என்றால் மனநல ஆலோசகரின் அறையும் நினைவுக்கு வந்தன. இறுதியில் ஒரு சொல்லை இரண்டு குறுவாக்கியங்களாக உடைத்தோம்: நிலைமை தெளிவாகத் தெரிந்தது, எதிர்பார்ப்பதை விட்டேன். கையேட்டு மொழிபெயர்ப்பில் இப்படிச் செய்தால் திருத்துநர் சிவப்பு மையால் அடிப்பார்.

*

இந்த ஒரு பிழை எங்கள் பட்டியல் முழுவதையும் ஐயுற வைத்தது. நாற்பத்தொரு சொற்களையும் திரும்பப் பார்த்தபோது, அவை ஒரே ஊரிலிருந்து வந்தவை அல்ல என்று புரிந்தது.

சில சொற்கள் மேற்கிலிருந்து வந்து மேற்குக்கே திரும்புபவை. தத்துவத்தைக் குறிக்கும் ‘தெட்சுகாகு’ என்ற சொல்லே ஐரோப்பியச் சொல்லுக்கு நிகராக நிஷி அமானே (1829–1897) ஆக்கியது. 1874இல் வெளியான அவரது நூல் வழியே அது பரவியது. நிஷிதாவின் ‘ஜுன்சுய் கெய்கென்’, வில்லியம் ஜேம்ஸின் ‘பியூர் எக்ஸ்பீரியன்ஸ்’ என்பதோடு நேரடி உறவுடையது. இத்தகைய சொற்களை ஆங்கிலமாக்குவது, வந்த கடிதத்தை அனுப்பியவர் முகவரிக்கே திருப்புவது போல. வழியில் உறைக்குள் வேறெதுவும் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். யானபு அகிரா (1928–2018) என்ற மொழிபெயர்ப்பு ஆய்வாளர், மெய்ஜி காலத்தில் ஆக்கப்பட்ட இத்தகைய சொற்களை நகைப்பேழைக்கு ஒப்பிட்டார்: உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாதபோதே, பேழையின் அழகுக்காக மக்கள் அதை விரும்புகிறார்கள்.

இன்னும் சில இந்தியாவில் பிறந்து சீனம் வழியாகப் போனவை. ‘கூ’ என்பது சூன்யதையின் மொழிபெயர்ப்பு. ஆனால் அந்த எழுத்தையே ‘ஸொரா’ என்று வாசித்தால் வானம். ஆங்கில ‘எம்ப்டினெஸ்’ஸில் வெறும் பாத்திரம் தெரிகிறது, வானம் தெரிவதில்லை. தமிழின் ‘வெளி’ இதற்கு ஓரளவு அருகில் வரும்.

மூன்றாவது வகை, வீட்டுச் சொற்கள். அகிரமே, அரு தொகி, பாஷோ. ஜப்பானியச் சிறுவனுக்கும் தெரிந்தவை. கடினமானவை இவைதாம் என்று கண்டோம். ஆங்கிலத்தில் போய் இறங்கியதும் இவை ஒன்று மேலே ஏறி உட்கார்ந்துகொள்கின்றன, அல்லது தரையில் விழுந்துவிடுகின்றன. பிறந்த உயரத்தில் நிற்பதே அவற்றுக்கு அரிதாயிருக்கிறது.

‘பாஷோ’ அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இடம் என்று பொருள். சந்திக்கும் இடம், வண்டி நிறுத்தும் இடம், எல்லாவற்றுக்கும் அதுவே சொல். நிஷிதா 1926இல் அதே பெயரில் ஒரு கட்டுரை எழுதினார். அதன் சாரத்தை இலக்கணத்தின் வழியாக விளக்குவது எளிது. எப்போதும் எழுவாயாக நின்று, வேறொன்றுக்குப் பயனிலை ஆகாததே அடிப்படைப் பொருள் என்றார் அரிஸ்டாட்டில். நிஷிதா திசையைத் திருப்பினார். ஒருபோதும் எழுவாய் ஆகாத பயனிலையைத் தேடிப் போனால் எங்கே சேர்வோம்? எல்லாப் பொருள்களும் எதனுள் இருக்கின்றனவோ, எது தான் ஒரு பொருளாகாதோ, அந்த இடத்துக்கு. பொருள் அல்ல என்பதால் அதை ‘மு’, இன்மை, என்றார். பேத்தியின் இரண்டாம் கேள்விக்கு விடை இங்கே இருந்தது. சென்செய் எழுதிய ‘மு’, எல்லாம் போனபின் எஞ்சும் வெறுமை அன்று. உள்ளதும் இல்லாததும் தோன்றுவதற்கு இடம் தருவது.

இச்சிந்தனையில் பிளேட்டோ பேசிய ‘கோரா’வின் சாயலும் உண்டு, நிஷிதாவே அதைச் சுட்டியிருக்கிறார். ஆகவே சிலர் கிரேக்கத்தை நாடி ‘டோபோஸ்’ என்றனர். வேறு சிலர் ‘ஃபீல்ட்’ என்றும் ‘மேட்ரிக்ஸ்’ என்றும் எழுதினர். 2012இல் வந்த மொழிபெயர்ப்பு ஒன்றின் தலைப்பிலேயே வெறும் ‘பிளேஸ்’ இருக்கிறது. அறிஞர்களுக்கு இவை ஒவ்வொன்றும் பயன்படலாம். நாங்கள் எழுதியதோ ஒருத்திக்காக.

நிஷிதாவின் வாழ்வையும் அப்போது படித்தோம். 1907இல் சிறுமகள் யூகோவை இழந்தார். 1920இல் மூத்த மகனை. 1925இல், பல ஆண்டுகள் படுக்கையில் கிடந்த மனைவியை. ‘பாஷோ’ கட்டுரை அதற்கு அடுத்த ஆண்டு எழுதப்பட்டது. தத்துவம் வியப்பில் தொடங்குகிறது என்ற கிரேக்கர் கூற்றை மறுத்து, வாழ்வின் துயரமே அதன் தொடக்கம் என்று கருதியவர் அவர். துயரம் ஒரு தர்க்கத்தை நிறுவிவிடாது. ஆனால் சென்செய் ஏன் வேறெவரையும் விட்டு நிஷிதாவைப் படித்தார் என்பதை அது விளக்குகிறது.

*

நாற்பத்தேழாம் பக்கத்தில், மகள் இறந்து ஓராண்டு கழித்து எழுதிய குறிப்பொன்று இருந்தது. அவள் இல்லை, அவள் இருந்த பாஷோ இல்லாமல் போகவில்லை, என் மனைவி இன்றும் அங்கே ஒரு கிண்ணம் வைக்கிறாள். வெளியூர் போன வீட்டாருக்காகவும் இறந்தவருக்காகவும் உணவு எடுத்துவைக்கும் இந்த வழக்கத்துக்கு ‘ககேஸென்’ என்று பெயர். நிஷிதாவின் பாஷோவும் சாப்பாட்டு மேசையின் பாஷோவும் இங்கே ஒரே சொல். எங்கள் முதல் பட்டியல்படி இதை ‘டோபோஸ்’ என்று எழுதியிருப்போம். நினைக்கவே உடல் கூசுகிறது. நல்லவேளையாக, உண்பவருக்கு மேசையில் வைக்கும் இடத்தையும் ஆங்கிலத்தில் ‘பிளேஸ்’ என்றே சொல்கிறார்கள். அந்தச் சொல்லையே வைத்தோம். குறிப்பேடு முழுவதிலும் பாஷோ ‘பிளேஸ்’ ஆயிற்று. இந்த ஒன்றில் மட்டும் பழைய தொழில் விதி எங்களைக் காப்பாற்றியது.

எங்கள் மொழியும் இதில் கொஞ்சம் உதவிற்று. தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற மூன்றையும் தமிழ் இலக்கணம் ‘இடம்’ என்றே அழைக்கிறது. ‘அவளிடம்’ என்னும்போது அவளும் இடமும் பிரிவதில்லை. நிஷிதாவுக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் எதையும் நிறுவ முயலவில்லை. ஆனால் சிறுவயதில் மனப்பாடம் செய்த ஒரு கலைச்சொல், கியோட்டோவில் ஒரு குளிர்கால இரவில், பொருள் பெற்று எதிரே வந்து நின்றது.

அடிக்குறிப்புகள் சேர்க்கலாமா என்று ஒகுசானிடம் கேட்டோம். “குறிப்பேட்டுக்கே குறிப்பா?” என்று சிரித்தார். ‘மு’வை மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டு, அதைப் பற்றி ஒரு பக்கக் கடிதம் எழுதி இணைத்தோம். அந்தக் கடிதத்திலேயே முதல் பன்னிரண்டு பக்கங்களில் நேர்ந்த பிழைக்கு மன்னிப்பும் கேட்டோம். மருத்துவர் கடிதம் வந்த நாளையும், விடியற்காலையில் எடுத்த பெட்டியையும், ஒகுசான் சொன்னபடியே எழுதினோம்.

இம்முறை பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. மன்னித்தாளா என்று அதில் இல்லை. தத்துவம் பற்றியும் ஒன்றுமில்லை. அம்மாவின் இடம் மேசையில் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டிருந்தாள்.

அன்று மாலையே போய் ஒகுசானிடம் கேட்டோம். அவர் கையால் காட்டினார். அந்தக் குளிர்காலம் முழுவதும், குறிப்பேட்டை விரித்து வைத்து அவரிடம் ஐயம் கேட்பதற்காக, நாங்கள் மாறி மாறி உட்கார்ந்த மெத்தை அது. ஒருமுறைகூட அவர் எங்களை அங்கிருந்து எழச் சொன்னதில்லை.

சன்னலுக்கு எதிர்ப்பக்கம், வாயிற்கதவைப் பார்த்தபடி, என்று பதில் எழுதினோம்.